ஜப்பான் வகுப்பும் சின்னம்மாவின் நீல நகங்களும்

நாம் வளர்ந்த வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எண்பதுகளில் லண்டனுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களின் வீடு என்றால் முன்னறைச் சோபாவில் யாராவது ஒருவர் படுத்திருப்பார். ஜெர்மனிக்கூடாக வந்த மாமா, அகதிக் கேஸ் முடியாத ஒன்றுவிட்ட அண்ணை, ஒரு கிழமை தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து நாங்கள் பெரிய பள்ளிக்கூடம் போகும்வரை போகாமல் இருந்த யாரோ. உங்கள் வீட்டுச் சோபா யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது சின்னம்மாவின் சோபா. அம்மாவின் ஒரே தங்கை அவர்.

ரெய்னர்ஸ் லேனில் ரயில் பாதைக்குப் பின்புறம் இருந்த வீடு. சோபா மண்ணிறம், வெல்வெட். குளிர்காலத்தில் பரபின் ஹீட்டரின் மணம் அதில் ஊறிப்போய் இருக்கும். காலையில் சின்னம்மா போர்வையை மடித்துச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்துவிடுவார். யாரும் வந்தால் அங்கே ஒருவர் படுத்தெழும்புகிறார் என்று தெரியக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

சின்னம்மா கலியாணத்துக்கென்று கூப்பிடப்பட்டவர். மாப்பிள்ளை வெம்பிளியில் இருந்தார், கணக்காளராகப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தேத்தண்ணீர் குடித்தார், என்னிடம் எந்த வகுப்பு என்று கேட்டார், போய்விட்டார். சில நாள் கழித்து அம்மா வேலையால் வந்து கோட்டைக் கழற்றியபடியே சொன்னார்.

"அவனுக்கு விருப்பமில்லையாம். படத்தில பார்த்த மாதிரி இல்லையாம்."

சின்னம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவர் கண்ணாடிக்கு முன்னால் சற்றுக் கூட நின்றால் அம்மா சொல்வார்: "அதுக்குள்ள என்ன கிடக்கு? பார்த்தவனே வேண்டாமெண்டிட்டான்." அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன். அது அந்த வீட்டின் பகிடிகளில் ஒன்று.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு இரண்டு வயதாகவில்லை. அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, சனிக்கிழமைகளில் ஓவர்டைம். வீடு முழுக்க உடைந்த பிஸ்கட் பைகள். அப்பா இரவில் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குவார். தம்பியைக் குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது, தோளில் போட்டு நித்திரையாக்குவது எல்லாம் சின்னம்மாதான். அவன் பேசத் தொடங்கியபோது அவரைத்தான் அம்மா என்றான். எங்கள் அம்மாவை என்னைப் பார்த்து அவனும் அம்மா என்றான். அவனுக்கு இரண்டு அம்மா. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷக் கோடைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஓர் அறிவித்தல் தந்தார்கள். நூலகத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் சனிக்கிழமைக் காலைகளில் ஜப்பானியக் கைவேலை வகுப்பு. தாயும் பிள்ளையும் சேர்ந்து வரவேண்டும். கவுன்சில் நடத்துவதால் இலவசம். கடைசியில் சேர்ட்டிபிகேட் உண்டு. அந்தக் கடைசிச் சொல்லில்தான் அம்மாவின் கண் நின்றது.

"பெரிய பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பிக்கேக்க உதவும்" என்றார்.

"ஜப்பான்காரன் கார் செய்வான், ரேடியோ செய்வான்" என்றார் அப்பா. "அதைப் படிப்பிச்சாலும் பரவாயில்லை. கடதாசி மடிக்கவோ படிப்பிக்கிறாங்கள்?"

அம்மா தன் பெயரையும் என் பெயரையும் பதிந்தார். ஓவர்டைமை விட ஏலாது. ஆகவே போனது சின்னம்மா. தள்ளுவண்டியில் தம்பி.

"அங்க ஆரும் கேட்டா சின்னம்மாவை அம்மா எண்டு சொல்லு" என்று அம்மா எனக்குச் சொல்லி அனுப்பினார். "தாய் வந்தாத்தான் சேர்ப்பினமாம்."

படிப்பித்தவர் ஒரு ஜப்பானியப் பெண். கணவரை அவருடைய கம்பெனி லண்டனுக்கு அனுப்பியிருந்ததால் கூட வந்தவர். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. நெற்றிக்கு நேராக வெட்டிய தலைமயிர், சாம்பல் நிற ஏப்ரன். எங்கள் வீட்டுப் பெரியவர்களைவிடக் குறைவாகத்தான் ஆங்கிலம் பேசினார். பேசிய குறைவும் கனிவாக இருக்கவில்லை. முதல் நாளே எல்லோருடைய கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுக்கு நகத்தோடு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். பிள்ளையின் தாய் முகம் சிவந்துபோனார்.

தொடக்கத்தில் கடதாசி. நார் தெரியும் தடித்த கடதாசியை மட்டைப் பெட்டிகளில் ஒட்டவேண்டும். பசையை அவரே அரிசி மாவில் காய்ச்சிக்கொண்டு வருவார். மூடியைத் திறந்ததும் சின்னம்மா என்னைப் பார்த்தார். கஞ்சி மணம். ஊரில் பட்டம் ஒட்டிய பசைதான் அது என்று மெதுவாகச் சொன்னார். லண்டனுக்கு வந்த பிறகு அவர் தானாக ஊரைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

கடதாசி ஒட்டும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழ் நின்றாலும் ஆசிரியை முழுவதையும் உரித்தெடுப்பார். எங்கள் முன்னாலேயே உரித்து, கசக்கி, கூடைக்குள் போட்டுவிட்டு, "திரும்ப" என்பார். அந்த ஒரு சொல்லை நாங்கள் எல்லோரும் அவரைப்போலவே சொல்லிப் பழகினோம். "இது பிள்ளைகளுக்கான வகுப்பு, இராணுவம் இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த கிழமை இன்னும் சிலர் வரவில்லை. ஆசிரியை வெறுமையான கதிரைகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கினார். அவ்வளவுதான்.

பிறகு துணி தொடங்கியது. வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு சின்னக் கொக்கியின் நுனியில் மிளகளவுக்குக் கிள்ளி எடுத்து, அடியில் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கவேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. துணி முழுக்க இப்படிக் கட்டி முடிந்ததும் சாயத்தில் முக்கினால், நூல் இறுக்கிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நூல்கள் படபடவென்று கழன்று பறக்கும். நீலத்தில் வெள்ளை வளையங்கள் தெரியும். இறுக்கம் போதாத இடத்தில் வெறும் கறை.

நான் கட்டியவை எல்லாம் கறையாகத்தான் வரும்போல் தளர்ந்திருந்தன. ஆசிரியை என் முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் அறுத்தார். "உன் கை சோம்பேறி" என்றார். பிறகு சின்னம்மாவின் துணியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எதையும் அறுக்கவில்லை. "அம்மா கை நல்லது."

"என்ன சொல்லுறா?" என்று சின்னம்மா கேட்டார்.

"உங்கட கை நல்லமாம். என்ர கை சோம்பேறியாம்."

"அம்மா எண்டு சொன்னவ. அது எனக்கு விளங்கினது."

அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் தள்ளுவண்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு மறு கையால் என் கையைப் பிடித்திருந்தார். தெரு கடக்கும்போது மட்டுமல்ல, வழி முழுக்க.

சாயத் தொட்டி மண்டபத்துக்குப் பின்னால் வெளியே இருந்தது. பெரிய பிளாஸ்ரிக் குப்பைத் தொட்டி ஒன்று. மூடியைத் திறந்தால் அழுகிய இலையும் மூத்திரமும் கலந்த மணம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். உள்ளேயிருந்து துணி பச்சையாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணுக்கு முன்னாலேயே நீலமாக மாறும். இறப்பர் கையுறைகள் கொஞ்சம்தான் இருந்தன, அவை பிள்ளைகளுக்குப் போய்விட்டன. சின்னம்மா வெறுங்கையை விட்டார். முழங்கை வரை நீலம். கழுவியபோது தோலிலிருந்து கொஞ்சம் போனது. நகத்திலிருந்து போகவில்லை.

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, சின்னம்மாவைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

அப்பாவின் வேலையிடத்துச் சிநேகிதர் ஒருவர் பேசிவைத்த சம்பந்தம். தோர்ண்டன் ஹீத்திலிருந்து மாப்பிள்ளையின் அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அவர்கள் வருகிற நாள் அம்மாவுக்கு ஒரு கிழமைக்கு முன்பே தெரியும். முதல்நாள் சாயம் போடும் நாள் என்பதும் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். இரண்டையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அப்போது பார்க்கத் தெரியவில்லை.

சின்னம்மா அம்மாவின் மாம்பழ நிறச் சேலை உடுத்தித் தட்டத்தோடு வந்தார். மாப்பிள்ளையின் அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் போனவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு எடுத்தார். குடிக்கவில்லை. சின்னம்மா குசினிக்குள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளைக்குக் கையில என்ன வருத்தம், தோல் வியாதியோ?"

அறையில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் குறைத்து. அப்பா அதைப் பார்த்தபடி இருந்தார். அம்மா தன் சேலைத் தலைப்பை எடுத்து மடியில் மடித்து வைத்தார்.

"அது..." என்றார். "இடைக்கிடை வரும்."

நான் வாயைத் திறந்தேன். "இல்லை, அது..."

"பிள்ளை, தம்பி எழும்பிட்டான் போல. போய்ப் பார்" என்றார் அம்மா.

தம்பி எழும்பவில்லை. நான் மேலே போய் அவன் நித்திரை கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவர்கள் பலகாரத்தைத் தொடவே இல்லை.

பின்னேரம் சின்னம்மா சோபாவில் இருந்து புதுத் துணியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியை கண்காட்சிக்கென்று கொடுத்த பெரிய துணி. நான் பக்கத்தில் போய் இருந்து, அம்மா அந்த ஆன்ரிக்கு என்ன சொன்னார் என்று சொன்னேன்.

"எனக்குக் கேட்டது" என்றார்.

"அப்ப ஏன் நீங்கள் வந்து சாயம் எண்டு சொல்லேல்லை?"

அவர் நூலைப் பல்லில் கடித்து இழுத்தார். "நான் அக்காவின்ர வீட்டில இருக்கிறன், பிள்ளை."

அந்தப் பெரிய துணி வேலை எத்தனை கிழமை நடந்தது என்று நினைவில்லை. தம்பி காலடியில் விளையாடுவான், வானொலி ஓடும், சின்னம்மாவின் விரல்கள் மட்டும் அசையும். ஆட்காட்டி விரலின் ஓரம் நூல் அறுத்துப் பிளந்திருந்தது. அதற்கு மேலே பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு கட்டினார். ஆசிரியை ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை விரித்துப் பார்ப்பார். ஒரு தடவை ஒரு மூலை முழுவதையும் அறுத்தார், வரிசை கோணல் என்று. சின்னம்மா கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொக்கியை எடுத்து அந்த மூலையிலிருந்து திரும்பத் தொடங்கினார். அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லை. நான் நடுவில் நின்றேன், ஆனால் அனேகமாக எனக்கு வேலை இருக்கவில்லை.

கண்காட்சிக்கு அம்மா ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தார். சேர்ட்டிபிகேட் கொடுக்கும் நாள். காஞ்சிபுரம் உடுத்து, காதில் கல்லுத்தோடு போட்டிருந்தார். சின்னம்மா சாதாரணச் சேலையில் தம்பியின் வண்டியோடு பின்னால் வந்தார். மண்டபத்தின் நடுச் சுவரில் சின்னம்மாவின் துணி தொங்கியது. அதை முழுதாக விரித்த நிலையில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். நீலத்துக்குள் ஆயிரக்கணக்கில் வெள்ளை வளையங்கள், நடுவில் நெருங்கி, ஓரத்துக்குப் போகப்போக விலகி, மழை பெய்யும் குளம் மாதிரி. கீழே ஓர் அட்டை. அதில் அம்மாவின் பெயரும் என் பெயரும்.

அம்மா தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கழுத்தில் சங்கிலி போட்ட கவுன்சிலர் ஒருவரை ஆசிரியை அந்தத் துணிக்கு முன்னால் கூட்டிவந்தார். இதைச் செய்தவர் யார் என்று அவர் கேட்டார். ஆசிரியை சின்னம்மாவைத் தேடித் திரும்பினார். அதற்குள் அம்மா முன்னுக்கு வந்துவிட்டார்.

"நான்தான் தாய்" என்றார் ஆங்கிலத்தில். "இது நான் செய்தது."

கவுன்சிலர் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவர் படம் எடுத்தார். ஆசிரியை அம்மாவையும் சின்னம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போய் ஒரு துண்டுத் துணியும் கொக்கியும் நூலும் எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினார்.

"தயவுசெய்து" என்றார். "எல்லோருக்கும் காட்டுங்கள்."

அம்மா வாங்கினார். வாங்காமல் விட்டிருக்கலாம். துணியைக் கொக்கியில் மாட்டினார், அது நழுவியது. விரலால் கிள்ளி நூலைச் சுற்றினார், நூல் கழன்று நிலத்தில் விழுந்தது. குனிந்து எடுத்தார். பிஸ்கட் தொழிற்சாலையில் தடித்துப்போன விரல்கள். சுற்றி நின்ற தாய்மார் பேசுவதை நிறுத்தினார்கள். யாரோ ஒரு பிள்ளை, ஆசிரியையின் குரலிலேயே, "திரும்ப" என்றது. சிரிப்பு எழும்பியது. கவுன்சிலர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். ஆசிரியை நகரவில்லை. கைகளை ஏப்ரனுக்கு முன்னால் கோத்தபடி, அம்மா மூன்றாந்தரம் முயல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொய் பிடிக்காது. அந்தப் பொய்க்கு யார் எங்கே விலை கொடுப்பார் என்பது அவருக்குத் தெரியவும் நியாயமில்லை.

தம்பி சிணுங்கத் தொடங்கினான். அம்மா துண்டுத் துணியைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கப் போனார், அதையாவது செய்யலாம் என்று. அவன் உடம்பை வளைத்து, இரண்டு கைகளையும் சின்னம்மாவை நோக்கி நீட்டி, மண்டபம் முழுக்கக் கேட்க "அம்மா" என்று கத்தினான்.

சின்னம்மா அவனை வாங்கித் தோளில் போட்டார். அப்போது சிரித்தார். எனக்குத் தெரிய அவர் லண்டனில் சிரித்த முதல் சிரிப்பு, அக்காவின் முகத்தைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையை மாற்றவில்லை. சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சின்னம்மாவின் துணியைப் பையிலிருந்து எடுத்தார். குசினிக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டினார். ஒரு துண்டை நனைத்து அடுப்பில் பிடித்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

"அக்கா, அது என்ர" என்றார் சின்னம்மா.

"உன்ரையோ? இந்த வீட்டில உனக்கெண்டு என்ன கிடக்கு? வந்தவன் பார்த்திட்டு வேண்டாமெண்டு எறிஞ்சிட்டுப் போன உன்னை வைச்சுச் சோறு போடுறன். என்ர பிள்ளையளையும் எடுக்கப் பார்க்கிறாய்."

அப்பா வாசலில் நின்றார். சண்டை நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் அவர் பேசினார், வேறு ஒன்றுக்குமில்லை.

"இஞ்சரும், அந்தக் கதையை இப்ப எடுக்காதையும். அவன் ஓமெண்டுதானே சொன்னவன். நீர்தானே..."

அதோடு நிறுத்திவிட்டார். ஆனால் அது வெளியே வந்துவிட்டது.

"அத்தான்" என்றார் சின்னம்மா. "என்ன சொன்னனீங்கள்?"

அப்பா முன்னறைக்குப் போய் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். சின்னம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே, விலைவாசி சொல்லும் குரலில் சொன்னார்.

"அந்த வெம்பிளிக்காரன் ஓமெண்டவன். உனக்கு விருப்பமில்லை எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னன். இவன் அப்ப கைக்குழந்தை. நீ போனா ஆர் பார்க்கிறது? நான் வேலையை விட்டா இந்த வீட்டுக் காசை ஆர் கட்டுறது? ஒரு வருஷம் போகட்டும், வேற ஒருத்தனைப் பார்ப்பம் எண்டு நினைச்சன். அதுக்குள்ள என்ன குடியா முழுகிப் போச்சு?"

சின்னம்மா தம்பியைத் தூக்கினார். மேலே போய்த் தம்பிக்குச் சட்டை மாற்றினார். சோறு போட்டார், எல்லோருக்கும். பாத்திரம் கழுவினார்.

திங்கட்கிழமை காலையில் அம்மா வேலைக்குப் போனபின் சின்னம்மா, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியோடு வாசலில் நின்றார். தம்பி அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவன் அழுதான். பிரித்து முடித்ததும் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். அவனை நான் பிடித்திருந்தேன். அவன் பல நாள் "அம்மா, அம்மா" என்று வாசலில் போய்க் குந்தியிருந்தான். அம்மா வேலையை விடவேண்டி வந்தது. அவன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் "இஞ்சதானே நிக்கிறன்" என்று சொல்லி அடித்தார்.

சின்னம்மா கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் இருந்த ஊர்ச் சிநேகிதி ஒருவரிடம் போய், ஒரு சலவைக் கடையில் வேலை எடுத்து, பிறகு ஒரு மலேசியத் தமிழரைத் தானே பார்த்துக் கட்டினார். பிள்ளைகள் இல்லை. தொண்ணூறுகளில் எங்காவது கலியாண வீட்டில் கண்டால் நலம் கேட்பார், நகர்ந்துவிடுவார். ஒருதரம் நான் அந்தச் சாயவேலை இப்போதும் செய்கிறீர்களா என்று கேட்டேன்.

"சீச்சீ" என்றார். "அந்த மணம் எனக்கு ஒத்துவராது."

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கையைக் கேட்டார். வேறு எதையும் அவர் அப்படிக் கேட்டதில்லை. நான் போன் செய்தேன். சின்னம்மா மறுக்கவில்லை, அடுத்த நாளே வந்தார். தம்பி கட்டிலருகே நின்றிருந்தான். தாடியில் நரை விழுந்திருந்தது. என் காதருகே ஆங்கிலத்தில் கேட்டான், இந்த ஆன்ரி யார் என்று. அது சின்னம்மாவுக்குக் கேட்டது.

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்னை மன்னிச்சிட்டியோடி?"

"அக்கா, சாப்பிட்டனீங்களோ?" என்றார் சின்னம்மா.

தட்டத்தில் தயிர்க் கோப்பை இருந்தது. அதைத் திறந்து கரண்டியால் கொஞ்சங் கொஞ்சமாகத் தீத்தினார். வாயைத் துடைத்துவிட்டார். தலையணையைச் சரிசெய்தார். அம்மா இன்னொரு தடவை கேட்டார். சின்னம்மா போர்வையை இழுத்து மூடிவிட்டு, "நித்திரை கொள்ளுங்கோ" என்றார்.

நான் லிப்ட் வரை கூடப் போனேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நன்றி சொல்லத் தொடங்கினேன்.

"இனி என்னைக் கூப்பிடாதை" என்றார் அவர். "செத்தாலும் கூப்பிடாதை."

லிப்ட் வந்தது. உள்ளே ஏறிக் கைப்பையைத் திறந்து பஸ் பாஸைத் தேடினார். கதவு மூடும்போதும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

அதன் பிறகு அம்மா சில நாட்கள் உயிரோடு இருந்தார். வந்தவர்கள் எல்லோரிடமும், நர்ஸ்மாரிடமும்கூட, தங்கச்சி வந்தவள், தன் கையால் தயிர் தீத்தினவள், எல்லாத்தையும் மன்னிச்சிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ்மாருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும்.